பந்தைத் திருப்பி எறிந்தவர்

என் அண்ணன் தம்பித்துரைக்குத் தெரியாத விளையாட்டு என்று ஒன்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி போனால், சறுக்குகிறவன் முழங்காலை எவ்வளவு மடிக்க வேண்டும் என்று சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்லுவார். வாழ்நாளில் அவர் பனியில் சறுக்கியது ஒரேயொரு தடவை, அதுவும் நாங்கள் இருக்கிற ஹாகன் ஊரின் ரயில் நிலையப் படியில். அதற்கே ஒரு கிழமை குப்புறப் படுத்திருந்தார்.

ஜேர்மனிக்கு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. கார்க் கதவுக்குப் பிடி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அங்கே அவர் வாயே திறப்பதில்லை என்று கூட வேலை செய்கிற யோசப் அண்ணை எனக்குச் சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளன் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதோடு சரி. திங்கள் முதல் வெள்ளி வரை அடக்கிவைத்த வாயைச் சனியும் ஞாயிறும் எங்கள் மேல் அவிழ்த்து விடுவார். அதற்கு வசதியாக எங்கள் ஊர்த் தமிழ் விளையாட்டுக் கழகம் அவரைத் தலைவராக வைத்திருக்கிறது. வேறு யாரும் கேட்காத பதவி. யாரும் கேட்காத காரணத்தால் வருடா வருடம் போட்டியின்றித் தெரிவாவார். வருடா வருடம் வெற்றியுரையும் நிகழ்த்துவார்.

நான் அவருடைய ஒரே தங்கை, தேவமலர். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர் ஒருவர் இருக்கிறார் என்றால் அது என் மச்சாள் சுந்தரேஸ்வரிதான், அதாவது அவருடைய மனைவி. ஆனால் மச்சாள் வாய் பேசாத ஆள். அண்ணன் பேசுகிற வீட்டில் இன்னொருவர் பேச இடம் ஏது?

அண்ணனுடைய பெருமை முழுவதும் யாழ்ப்பாணத்தில் அவர் பள்ளிக்கூட அணிக்கு விக்கெட் கீப்பராக நின்றதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அவர் மாற்றாள். உண்மையான கீப்பருக்கு விரல் முறிந்ததால் ஒருநாள் மத்தியானத்துக்குப் பிறகு இவரை இறக்கினார்கள். அன்றைக்கு ஒரு பிடி பிடித்தார். மறுக்கவில்லை, நானும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பந்து மட்டை விளிம்பில் பட்டு நெஞ்சுயரத்துக்கு நேரே வந்தது, இவர் பிடித்தார். பிடிக்காமல் விட்டிருந்தால்தான் புதினம். ஆனால் ஹாகனில் அந்தப் பந்து வருடத்துக்கு ஓரடி உயர்ந்துகொண்டே போகிறது. இப்போது அவர் வலப்பக்கம் பாய்ந்து, ஆகாயத்தில் கிடையாகக் கிடந்து, ஒரு கையால் பிடிக்கிறார். கேட்கிறவர்களில் அன்றைக்கு அங்கே இருந்தவள் நான் ஒருத்திதான். கேட்கும்போதெல்லாம் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த மனிதருக்கு ஒரு மகள், தேனுஜா. பக்கத்து ஊர் ஜேர்மன் கழகம் ஒன்றில் பதினொரு வயதிலிருந்து சொஃப்ட்போல் விளையாடுகிறாள். பேஸ்போலைப் பெண்கள் விளையாடும்போது கொஞ்சம் பெரிய பந்தோடு, கொஞ்சம் சின்ன மைதானத்தில் விளையாடுவார்கள், அதுதான் சொஃப்ட்போல். பந்து அடிக்கிறவளுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருந்து, எறிகிற பந்துகளை எல்லாம் வாங்குகிற இடம் அவளுடையது. முழங்கால் தேய்கிற இடம், ஒருத்தரும் விரும்பிப் போகாத இடம். "ஏன் பிள்ளை, ஓடித்திரியிற இடமாப் பாத்து எடுத்திருக்கலாமே?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அப்பாவும் கீப்பர்தானே மாமி," என்றாள்.

அந்த அப்பா ஒருநாள்கூட அவள் ஆட்டத்துக்குப் போனதில்லை. "கிரிக்கெட் விளங்காத அமெரிக்கன் செய்த வேலை அது. அதைப் போய்ப் பாத்தால் எனக்குத் தலையிடிக்கும்" என்பார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அந்த மைதானத்தில் எல்லோருக்கும் விதிகள் தெரியும், இவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அண்ணன் கால் வைக்கமாட்டார். தொழிற்சாலையில் அந்தத் தண்டனை போதாதா? தேனுஜா ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்பாள். அவர் ஒவ்வொரு வசந்தத்திலும் கழகக் கூட்டம், தோள்மூட்டு, மழை என்று ஏதோ சொல்லுவார். நானும் மச்சாளும் மாறி மாறிப் போய் வேலியோரம் நின்று, என்ன நடக்கிறதென்று பாதி விளங்காமல் கை தட்டிவிட்டு வருவோம். அவள் எங்களைக் கட்டிப்பிடிப்பாள். கண் மட்டும் எங்களுக்குப் பின்னால் வாகனத் தரிப்பிடத்தைப் பார்க்கும்.

போன வருடம் தேனுஜா மூக்குக் கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங் முடித்தாள். மூன்று வருடத் தொழிற்பயிற்சி. கையோடு ஹம்பூர்க்கில் வேலையும் கிடைத்துவிட்டது. அதற்கு ஒரு விருந்து. விருந்தில் ஒலிவாங்கி. ஒலிவாங்கியைக் கண்ட அண்ணன், "என்ர மகள் உலகத்தில எந்த நாட்டைக் கேட்டாலும் கூட்டிக்கொண்டு போவன்!" என்று மண்டபம் அதிர அறிவித்தார். கனடா என்பாள், லண்டன் என்பாள், அங்கே மச்சாளின் சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம் என்பது அவருடைய எண்ணம். அவள் ஜப்பான் என்றாள். மண்டபம் கை தட்டியது. அண்ணனும் தட்டினார், கொஞ்சம் பிந்தி.

ஏன் ஜப்பான் என்று எனக்கு மட்டும் சொன்னாள். மகளோடு அறையில் தங்க ஆள் வேண்டுமென்று என்னையும் பயணத்தில் சேர்த்திருந்தார்கள். பெட்டி அடுக்கும்போது உடுப்புக்கு நடுவே தன் பெரிய தோல் கையுறையை வைத்தாள்.

"மாமி, அங்க ஒரு பேஸ்போல் மேட்ச்சுக்கு எல்லாருக்கும் டிக்கெட் எடுத்திட்டன். அப்பா மூண்டு மணித்தியாலம் எழும்பிப் போக ஏலாது. ஒருக்கா இருந்து பாத்தாரெண்டால் அவருக்குப் பிடிக்கும். புரட்டாதி கடைசியில என்ர கடைசி மேட்ச். பிறகு நான் ஹம்பூர்க் போயிடுவன். அதுக்கு அவர் வரவேணும்."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அப்பா ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். அதற்காக உலகத்தின் மறுபக்கம் வரை அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

ஜப்பானில் அண்ணன் எப்படி நடந்துகொண்டார் என்று முழுவதும் எழுதினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். ஓசை இல்லாத ரயிலில் அவர் குரல் மட்டும் ஓடியது. கோயிலுக்குப் போனால் கோபுரம் எங்கள் ஊரில் போல இல்லை என்றார். சோற்றைக் கண்டால் களி என்றார். மச்சாள் கொண்டுபோன ஊறுகாய்ப் போத்தல் ஒசாகா உணவகங்களின் மேசை ஒவ்வொன்றையும் பார்த்தது. நான் என் கதிரையை ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டு, வேறு குழுவில் வந்தவள்போல இருந்து சாப்பிட்டேன்.

ஆட்டத்தன்று பின்னேரம் மைதானத்துக்குப் போனோம். எங்களுக்குக் கிடைத்த இருக்கைகள் மைதானத்தின் தூரக் கோடியில், உள்ளூர் அணியின் ரசிகர்கள் கூடியிருந்து பாடுகிற பகுதியில். எல்லோரும் ஒரே நிறச் சட்டை. எக்காளம், பெரிய மேளம், கொடி. அங்கே ஒரு முறை உண்டு. தேனுஜா அதை ரயிலிலேயே இரண்டு தரம் சொல்லியிருந்தாள். தங்கள் அணி அடிக்கும்போது எழுந்து நின்று பாடுவார்கள். அடிக்க வருகிற ஒவ்வொருவனுக்கும் தனித்தனிப் பாட்டு. எதிரணி அடிக்கும்போது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கூச்சல், கூவல், திட்டு ஒன்றும் கிடையாது.

அண்ணன் நேர்மாறாகச் செய்தார். எல்லோரும் எழுந்து பாடும்போது கால் உளைகிறது என்று உட்கார்ந்துவிட்டார். எதிரணி அடிக்க, அந்தப் பகுதி முழுவதும் அமைதியாகச் சோற்றுப் பெட்டியைத் திறக்க, இவர் எழுந்து நின்று, பந்து கையுறைக்குள் போகிற ஒவ்வொரு முறையும் இரண்டு கையையும் விரித்து, "ஹவ் இஸ் தட்!" என்று நடுவரைக் கேட்டார். நடுவர் எங்களுக்கு ஒரு தீப்பெட்டி அளவுதான் தெரிந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துத் தலை குனிந்தார். அண்ணன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"அப்பா, இப்ப நாங்கள் பேசாமல் இருக்கவேணும்," என்றாள் தேனுஜா.

"நீ பேசாமல் இரு. எனக்குத் தெரியாத கீப்பிங்கோ? அவன் நிக்கிறதே பிழை. இன்னும் ரெண்டடி பின்னுக்கு நிக்கவேணும்."

"அங்க நிண்டால் பந்து தலைக்கு மேலால போகும் அப்பா. நான் அந்த இடத்திலதானே..."

"நீ விளையாடுறது வேற," என்று முடித்துவிட்டார்.

ஆனாலும் அவள் விடவில்லை. ஏன் ஓடுகிறான், ஏன் நிற்கிறான், ஏன் அந்த மூலையைக் காலால் தட்டுகிறான் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒருதரம் அண்ணன், "ஓ, அப்ப அவன் ஓடித்தான் ஆகவேணும், என்ன?" என்று கேட்டார். அது ஒரு கேள்வி. என் அண்ணன் வாயிலிருந்து ஒரு கேள்வி! தேனுஜாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது. எனக்குக்கூட, இந்தப் பிள்ளை நினைத்ததைச் சாதித்துவிடுவாள் போலிருக்கிறதே என்று தோன்றியது.

ஆட்டம் பாதி கடந்தபோது உள்ளூர் அணியின் தடித்த ஆள் ஒருவன் அடிக்க வந்தான். பாட்டு எழும்பியது. அவன் அடித்த பந்து மேலே போய், வெளிச்சத்துக்குள் மறைந்து, பிறகு எங்கள் பக்கமாக இறங்கியது. சுற்றியிருந்தவர்கள் கைகளை நீட்டிக்கொண்டு எழுந்தார்கள். தேனுஜா யாரையும் தள்ளவில்லை. படியில் ஓரடி இறங்கி, கையுறையை உயர்த்தி, வரவிட்டு வாங்கினாள். சத்தம் எனக்குக் கேட்டது. பாய்ச்சல் இல்லை, கிடை இல்லை. உலகத்திலேயே மிகச் சாதாரணமான காரியம்போல அவள் அதைச் செய்தாள்.

சுற்றிவர ஒரே ஆரவாரம். முன்னால் இருந்த கிழவர் அவள் கையில் கை தட்டினார். அவருடைய மனைவி எழுந்து நின்று தலை வணங்கினாள். பேஸ்போலில் இப்படி வருகிற பந்து பிடித்தவருக்கே சொந்தம். அதைப் பேரப்பிள்ளை காலம்வரை வைத்திருக்கிறவர்கள் உண்டு என்று தேனுஜா எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். அவள் திரும்பி, கையுறையை விரித்து, அப்பாவுக்கு முன்னால் நீட்டினாள்.

"அப்பா, பாருங்கோ!"

அண்ணன் பார்க்கவில்லை. "தா இஞ்ச," என்று பந்தை எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மைதானத்துக்குள் எறிந்தார்.

கிரிக்கெட்டில் அதுதான் முறை. பார்வையாளர் பக்கம் வந்த பந்தைத் திருப்பி எறிய வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் நிற்கும். யாழ்ப்பாணத்தில் மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்த பந்தை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எறிந்து கொடுத்தோம். எறிந்துவிட்டு அண்ணன் கையைத் தட்டிக்கொண்டு, "பந்து இல்லாமல் அவங்கள் என்னெண்டு விளையாடுறது?" என்றார். தொலைவில் புல்லில் விழுந்த பந்தை ஒருவன் ஓடிவந்து எடுத்துக்கொண்டு போனான். ஆட்டம் இன்னொரு பந்தோடு தொடர்ந்தது. அவர்களிடம் பந்துக்கு என்ன பஞ்சம்?

எங்களைச் சுற்றியிருந்தவர்களின் ஆரவாரம் அப்படியே நின்றுபோனது. தங்கள் ஆள் அடித்த அடியை, தங்கள் பகுதியிலேயே இருந்துகொண்டு ஒருவன் குப்பைபோல வீசியெறிந்ததை அவர்கள் பார்த்தார்கள். ஆனாலும் ஜப்பான்காரர், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மைதானப் பணிப்பெண் ஒருத்தி மட்டும் படியேறி ஓடிவந்து, இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டி, உள்ளே எதையும் எறிய வேண்டாம் என்று மன்றாடுவதுபோல் மூன்று தரம் குனிந்து வணங்கினாள். அண்ணன் நெஞ்சில் கை வைத்து அவளுக்குப் பதில் வணக்கம் செய்தார்.

"பாத்தியோ மலர், எவ்வளவு மரியாதை தெரிஞ்ச சனம்!"

தேனுஜா அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். முன்னால் இருந்த கிழவரிடமும் கேட்டாள். பிறகு உட்கார்ந்தாள். மிச்ச ஆட்டம் முழுவதும் கையுறையைக் கழற்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அண்ணனையும் எடுத்து உள்ளே எறிந்திருப்பேன். மச்சாள் ஒரு ஊறுகாய்ச் சோற்று உருண்டையை மகளிடம் நீட்டினாள். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அறைக்கு வந்ததும் நான் திட்டத் தொடங்கினேன். தேனுஜா தடுத்தாள்.

"விடுங்கோ மாமி. கிரிக்கெட்டில அப்பிடித்தானே. அவருக்குத் தெரியாது."

"தெரியாட்டிக் கேக்கிறது!"

"நடுவில ஒருக்காக் கேட்டவர்," என்றாள். "வருவார் மாமி. நீங்கள் பாருங்கோ."

பந்தை இழந்தவள் அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டாள். நான்தான் கொள்ளவில்லை.

பிறகு கதை வளர ஆரம்பித்தது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் அண்ணன் சொன்னது, "மகள் பிடிச்சாள், நான் எறிஞ்சன்." அது உண்மை. பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு எங்களை ஏற்ற வந்த யோசப் அண்ணையிடம், "நாங்கள் பிடிச்சு எறிஞ்சம்" என்றார். ஹாகன் தமிழ்க் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, "நான் பிடிச்சு எறிஞ்சன்" என்றார். கடைக்காரர் வியந்துபோய்க் கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்தார். நான் அதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் பொறுக்கினேன். இது இத்தோடு நிற்கும் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

கழகத்தின் விளையாட்டு விழா ஆவணிக் கடைசியில் நடந்தது. பிள்ளைகளின் ஓட்டம், தாய்மாரின் கயிறிழுப்பு, முட்டியுடைப்பு, பிறகு தலைவர் உரை. தலைவர் ஒலிவாங்கியை இரண்டு தரம் தட்டினார்.

"ஜப்பான் நாட்டில, நாற்பதாயிரம் சனத்துக்கு நடுவில, ஒரு பந்து நேரா என்ர மகளின்ட முகத்துக்கு வருது. பிள்ளை பயந்து கண்ணைப் பொத்திட்டாள். நான் குறுக்கால பாய்ஞ்சு, ஒரு கை! ஒரே கை! பிடிச்சு, அதே வேகத்தில திருப்பி எறிஞ்சன். அந்த நாட்டு அதிகாரி ஓடிவந்து மூண்டு தரம் குனிஞ்சு கும்பிட்டவ. பழைய விளையாட்டு, ரத்தத்தில இருக்கு. என்ன செய்யிறது?"

மைதானமே கை தட்டியது. தேனுஜா அப்போது உணவுக் கூடாரத்தில் நின்று ரோல்ஸ் விற்றுக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற ஒரு பெண் சிரித்துக்கொண்டு, "என்ன தேனு, கண்ணைப் பொத்திட்டியோ?" என்று கேட்டாள்.

தேனுஜா அவளுக்கு இரண்டு ரோல்ஸைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

"ஓம் அன்ரி, பொத்திட்டன்."

அண்ணன் இன்னும் முடிக்கவில்லை. பேஸ்போல் இப்போது அவருக்குத் தெரிந்த விளையாட்டு ஆகிவிட்டதே. "வாற மாதம் என்ர மகளின்ட கடைசி ஆட்டம். கழகத்தில இருந்து வாகனம் போகும். எல்லாரும் வாங்கோ, நான் விளக்கம் சொல்லுவன்!" என்று அறிவித்தார். மறுபடி கை தட்டல். பதினொரு வயதிலிருந்து அந்தப் பிள்ளை காத்திருந்த வார்த்தை அது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேசையில் சிந்திய சட்னியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும்போது காரில் அண்ணன் கேட்டார்.

"எப்ப பிள்ளை உன்ர மேட்ச்?"

"புரட்டாதி கடைசி ஞாயிறு அப்பா. ரெண்டு மணி."

கடைசிச் சனிக்கிழமை என்று அவள் எனக்கு ஜப்பானிலேயே சொல்லியிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். முன் இருக்கையில் மச்சாள் கைப்பையின் கொளுக்கியைத் திறந்து திறந்து மூடினாள். பத்து வருடமாக வெள்ளி தோறும் மகளின் விளையாட்டு உடுப்பைத் தோய்த்துக் காயவைக்கிறவள் அவள். எந்த நாள் ஆட்டம் என்று அவளுக்குத் தெரியாதா? அண்ணன் வழி நெடுக எனக்குப் பேஸ்போல் விதிகள் சொல்லிக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் பிழை.

அந்தச் சனிக்கிழமை மச்சாள் சாறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். நான் பொய் சொல்லத் தேவையில்லை, எனக்குப் புருஷன் இல்லை. இரண்டு பேரும் வேலியோரம் நின்று கடைசிப் பந்து வரை பார்த்தோம். அன்றைக்கு அந்த மைதானத்தில் என்ன நடந்தது, தேனுஜா கடைசியில் என்ன செய்தாள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஊரைச் சுற்றி அவர் காதுக்குப் போய்விடும். ஒன்று மட்டும் சொல்லுகிறேன். என் மச்சாள் சுந்தரேஸ்வரி கத்தினாள். அந்த மனுஷிக்கு அவ்வளவு குரல் இருக்கிறதென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் ஞாயிறு. கழக வாகனம் நிறையச் சனம். மடிப்புக் கதிரைகள், தேத்தண்ணீர்ப் போத்தல்கள், கழகப் பதாகை. அண்ணன் கோட்டு, கழுத்துப்பட்டி, கழகச் சின்னம் குத்திய தொப்பி. மச்சாள் எல்லாம் தெரிந்துகொண்டே சாறி உடுத்து வந்து முன்னால் ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். தேனுஜா ஹம்பூர்க்கில் வீடு பார்க்க விடியவே ரயில் ஏறியிருந்தாள். அண்ணன் அவள் மைதானத்துக்கு முன்கூட்டியே போய்விட்டாள் என்று எண்ணிக்கொண்டார். மகள் எப்போது போகிறாள் எப்போது வருகிறாள் என்று அவருக்கு எப்போது தெரிந்தது?

மைதானத்தில் ஒருவர் தனியாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் படையைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தி, லீக் நேற்றோடு முடிந்துவிட்டது என்றார்.

"இவனுக்கு ஒண்டும் தெரியாது," என்று அண்ணன் எங்கள் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு மகளுக்குப் போன் எடுத்தார். போனை என்றைக்கும் காதில் வைத்துப் பேசமாட்டார். ஒலிபெருக்கியில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கத்தான் பேசுவார். ஆகவே ஊருக்கே கேட்டது.

"அப்பா, மேட்ச் நேற்று."

"நேற்றோ? நீ ஞாயிறு எண்டெல்லோ சொன்னனீ?"

"ஓம். தெரிஞ்சுதான் பிழையாச் சொன்னனான்."

"ஏன் பிள்ளை?"

"நீங்கள் பாக்கத் தேவையில்லை அப்பா. பாக்காமலே சொல்லுவீங்கள்தானே."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. வைத்துவிட்டாள். சனம் எல்லாம் புல்லைப் பார்த்தது. யோசப் அண்ணை பாதி விரித்த பதாகையை மெல்லச் சுருட்டத் தொடங்கினார். முப்பது வருடமாக அண்ணனுக்கு இப்படி ஒருவர் சொல்லவேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன். சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அண்ணன் போனை நீட்டிப் பிடித்த கையை இறக்க மறந்து அப்படியே நின்றார். அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

திரும்பும் வழியில் வெகு தூரம் வந்த பிறகு அண்ணன், "நீ போனனியோ மலர்?" என்றார்.

"ஓம்."

"நீரும் போனனீரோ?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஓம், போனனான்," என்றாள் மச்சாள். மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தேனுஜா இப்போது ஹம்பூர்க்கில் இருக்கிறாள். தாய்க்கும் எனக்கும் தினமும் பேசுவாள். அப்பாவிடம் சுகம் விசாரிப்பாள், வேலை பற்றிச் சொல்லுவாள், அந்தச் சனிக்கிழமை பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லமாட்டாள். மச்சாளும் சொல்லவில்லை. அண்ணன் எதையும் இட்டுக்கட்டத் தெரிந்தவர்தான். ஆனால் இதை எங்கேயும் சொல்லி நான் கேட்கவில்லை. ஜப்பான் கதையும் நின்றுவிட்டது.

போன கிழமை எனக்குப் போன் எடுத்தார். சுகமா என்றார், மழை என்றார், கழகத்துக்குப் புதுத் தலைவர் பார்க்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மலர், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். எனக்கு மட்டும் சொல்லு. அந்தச் சனிக்கிழமை அவள் பிடிச்சவளோ?"

அறுபது வயதில் முதல் தடவையாக, தனக்குத் தெரியாது என்று என் அண்ணன் ஒருவரிடம் ஒப்புக்கொண்டு கேட்கிறார். சொல்லிவிடலாம் போல இருந்தது. வாய்வரை வந்தது.

"அவளிட்டக் கேளுங்கோ அண்ணை," என்றேன்.

"கேக்கப் பயமாயிருக்கு," என்றார்.